குரலுக்கு எத்தனை வாட்?

வீட்டுக் கூடத்தில் எரிகிற எல்.இ.டி. பல்பைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் 9 வாட் என்று போட்டிருக்கும். அதன் வெளிச்சம் எதிர்வீட்டு வாசலுக்கே சரியாக எட்டாது. அதே அளவு மின்திறனை மொட்டை மாடியில் கட்டிய ஒரு செப்புக் கம்பிக்குள் விட்டால், பெங்களூரு காக்ஸ் டவுனில் உட்கார்ந்து பேசுகிறவரின் குரல் மதுரையில் கேட்கிறது. வானம் ஒத்துழைக்கும் நாளில் சிங்கப்பூரிலும் கேட்கிறது. ஹாம்கள் என்று அழைக்கப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் இதை அன்றாடம் செய்கிறார்கள்.

அதே ஹாம்கள்தான் 100 வாட், 400 வாட் என்று பெருக்கிப் பெட்டிகளுக்கு ஆலாய்ப் பறக்கிறார்கள். பத்து வாட் போதுமென்றால் நானூறு எதற்கு? நானூறு வேண்டுமென்றால் பத்து எப்படி மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது?

கம்பிக்கு இடமில்லாத மாடி

காக்ஸ் டவுன் பழைய கன்டோன்மென்ட் பகுதி. வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே கலெக்டராக இருந்த ஏ.ஆர். காக்ஸின் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ் காதில் விழாத தெரு இங்கே குறைவு. பக்கத்திலேயே பெங்களூரு ஈஸ்ட் ரயில் நிலையம், அதன் மேலே மின்பாதை. வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல நிற்கும். முப்பதுக்கு நாற்பது சைட் வைத்திருப்பவர் பாக்கியசாலி.

இந்திய ஹாம்கள் பகலில் அதிகம் புழங்குவது 40 மீட்டர் பட்டை. அதாவது 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைத் துண்டு. இதற்கு எளிமையான ஆன்டெனா டைபோல். இரண்டு கம்பிகளை நேர்க்கோட்டில் இழுத்துக் கட்டி, நடுவில் கேபிளை இணைப்பதுதான் அது. மொத்த நீளம் சுமார் 20 மீட்டர், அடிக்கணக்கில் 66. நாற்பது அடி நீள மாடியில் 66 அடிக் கம்பிக்கு எங்கே போவது? மூலைக்கு மூலை அளந்தாலும் ஐம்பது அடிதான் தேறும். அதனால் நடுவில் ஒரு குழாயை நட்டு, கம்பியின் இரண்டு கைகளையும் கீழ்நோக்கிச் சரித்து, மிச்சத்தைக் கைப்பிடிச் சுவரோரம் மடித்துக் கட்டுவார்கள். தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, கேபிள் டிவி ஒயர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத்தான் இந்தக் கட்டு.

அங்கிருந்து கிளம்பும் அலை தரைக்கு மேல் 250, 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. வெயிலால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்குக்கு அயனி மண்டலம் என்று பெயர். நடுவில் மலை இருந்தாலும் கட்டடம் இருந்தாலும் அலைக்குக் கவலையில்லை, மேலே போய் மேலிருந்து இறங்குகிறது. எல்.இ.டி. வெளிச்சத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

பெருக்கி எதைப் பெருக்குகிறது?

ஆம்ப்ளிஃபையர் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது திருவிழா மைக் செட்டுதான். அதையும் ஹாம் வைத்திருப்பதையும் சேர்த்தே இந்த அத்தியாயத்தில் பெருக்கி என்று சொல்கிறேன். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். மைக் செட்டுப் பெருக்கி வினாடிக்குச் சில ஆயிரம் தடவை அதிர்கிற சமிக்ஞையைக் கையாளுகிறது, ஹாமின் பெருக்கி வினாடிக்கு 70 லட்சம் தடவைக்கு மேல் அதிர்வதைக் கையாளுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பெயர் கொஞ்சம் ஏமாற்றும். உள்ளே போன சின்னச் சமிக்ஞை ஊதிப் பெரிதாகி வெளியே வருவதில்லை. பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து பம்ப் செய்யப்பட்டு வருகிறது. தெருக்கோடியில் நீண்ட இரும்புச் சாவியால் வால்வைத் திறந்து மூடுகிற ஆள், தன் கைபலத்தால் ஒரு குடம் தண்ணீரைக்கூட மாடிக்கு ஏற்றுவதில்லை. அழுத்தம் பம்புடையது, திறப்பும் மூடலும் அவருடையது. பெருக்கியில் பம்ப் என்பது பவர் சப்ளை. வால்வுக்காரர்தான் உங்கள் குரல். சின்னச் சமிக்ஞை அசைகிற அதே தாளத்தில் பவர் சப்ளையின் பெரிய மின்னோட்டம் கூடிக் குறைகிறது. வெளியே போவது சின்னதன் அச்சு அசலான பெரிய நகல்.

இந்தத் திறப்பு வேலையைச் செய்த முதல் கருவி, லீ டி ஃபாரஸ்ட் 1906இல் உருவாக்கிய மூன்று முனை வெற்றிடக் குழாய். அந்தக் குழாய்களைத் தமிழ்நாட்டு ரேடியோ மெக்கானிக்குகளும் வால்வு என்றுதான் சொன்னார்கள். பெங்களூருக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1954இல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961இல் ரேடியோ வால்வுகளையும், 1962இல் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களையும், 1967இல் ஒலிபரப்புக்கான பெரிய குழாய்களையும் தயாரிக்கத் தொடங்கியது. நகரத்தில் ஹாம்கள் சங்கமாகக் கூடியது அதற்கும் முன்னால். பெங்களூர் அமெச்சூர் ரேடியோ கிளப் 1959இல் தொடங்கியது.

இன்று சிறிய பெருக்கிகளில் வால்வு இல்லை. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2003இல் வெளியிட்ட பிட்எக்ஸ் என்ற கருவியைப் பார்த்தால் இது விளங்கும். டிவி, ரேடியோ பழுதுபார்க்கும் கடைகளில் கிடைக்கும் பாகங்களை வைத்தே ஒருவர் தன் கையால் கட்டிக்கொள்ளட்டும் என்று அவர் வடிவமைத்தது இது. உலகெங்கும் ஹாம்கள் கட்டினார்கள். அதன் கடைசிப் படியில் நிற்பது ஐஆர்எஃப்510 என்ற மலிவான மாஸ்ஃபெட், டிரான்சிஸ்டரின் ஒரு வகை. பவர் சப்ளைகளிலும் மோட்டார்களிலும் ஆன், ஆஃப் சுவிட்சாக வேலை செய்யப் பிறந்தது. அதைக் கொண்டுவந்து குரலைப் பெருக்க உட்கார வைத்தார்கள். ஆறேழு வாட் தருகிறது.

சுவிட்சுக்குப் பிறந்ததைக் குரலுக்குப் பழக்குவது எப்படி என்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். சர்க்யூட் போர்டில் சின்னதாக ஒரு ப்ரீசெட் இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் திருப்புவது. மல்டிமீட்டரை மின்னோட்டம் காட்டும்படி வைத்துவிட்டு, மைக்கில் பேசாமல், மெதுவாகத் திருப்ப வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் திருப்பினாலும் சுழி. மாஸ்ஃபெட்டின் வாசல் முனையில் மூன்று வோல்ட்டைத் தாண்டியதும் மீட்டரில் எண்கள் திடீரென்று ஓட ஆரம்பிக்கும். நூறு மில்லி ஆம்பியர் அளவில் கையை எடுத்துவிட வேண்டும். மயிரிழை அதிகமாகத் திருப்பினால் மாஸ்ஃபெட் கொதித்துச் சாகும். திருப்பாமல் விட்டால் சின்ன ஓசைகளுக்கு அது விழிக்காது, குரலின் மெல்லிய பகுதிகள் அறுந்து போகும். எப்போதும் லேசாகத் திறந்தே வைத்திருக்கிற இந்த அமைப்பினால்தான் பேச்சு பேச்சாக வருகிறது. இந்த வகைப் பெருக்கியை நேர்ப்பெருக்கி என்போம். உள்ளே போனது இரண்டு மடங்கானால் வெளியே வருவதும் சரியாக இரண்டு மடங்காக வேண்டும், அதுதான் நேர்.

இதற்கு ஒரு விலை உண்டு. பேசாதபோதும் மின்சாரம் செலவாகிறது. மொத்தத்தில் நேர்ப்பெருக்கி தின்னும் மின்திறனில் ஏறத்தாழப் பாதிதான் அலையாகிறது, மீதி சூடாகிறது. அதனால்தான் பெருக்கிகளின் முதுகில் அலுமினிய ஹீட் சிங்க். ஐஆர்எஃப்510இன் உலோக முதுகு உள்ளே மின்னோட்டப் பாதையோடு இணைந்தது. மைக்கா துண்டு வைக்காமல் ஹீட் சிங்கில் முடுக்கினால் சப்ளை நேராக ஷார்ட் ஆகும்.

மதுரைக்கு ஒரு கணக்கு

காக்ஸ் டவுன் மாடியில் நம்மிடம் 10 வாட் அலைபரப்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காகம் பறக்கும் நேர்க்கோட்டில் மதுரை சுமார் 340 கிலோமீட்டர். அங்கிருக்கும் நண்பரின் ஏற்பியில் ஒரு மீட்டர் உண்டு. அதை எஸ்-மீட்டர் என்பார்கள், 1 முதல் 9 வரை எண்கள். ஹாம்கள் ஒருவருக்கொருவர் "ஃபைவ் நைன், ஓ.எம்." என்று சொல்வதில் ஃபைவ் என்பது பேச்சின் தெளிவு, நைன் என்பது இந்த மீட்டர் காட்டும் பலம். ஓ.எம். என்பது ஓல்டு மேன், ஹாம்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் செல்லப்பெயர். பதினெட்டு வயதுப் பையனும் ஓ.எம்.தான்.

நம் 10 வாட் அங்கே எஸ்-6 காட்டுகிறது என்போம். இந்த எஸ்-6 எவ்வளவு மின்திறன்? எஸ்-9 என்பதன் அளவு உலகம் ஒத்துக்கொண்டது: ஏற்பியின் வாசலில் 50 மைக்ரோவோல்ட். அதற்கு மூன்று படி கீழே இருக்கிற எஸ்-6இல் வந்து சேர்வது, நாம் அனுப்பிய பத்து வாட்டில் சுமார் பதிமூன்று லட்சம் கோடியில் ஒரு பங்கு. மீதி முழுக்க வானத்திலும் தரையிலும் கரைந்துவிட்டது. இந்தத் துளி போதுமா என்றால் போதும். நவீன ஏற்பி அதற்கும் பல மடங்கு கீழே இருக்கிற துளியைக்கூடப் பிடித்துவிடும்.

இப்போது பலத்தைக் கூட்டுவோம். எஸ்-மீட்டரில் ஒரு எண் மேலே ஏற மின்திறன் நான்கு மடங்காக வேண்டும். படிப்படியாகப் போகலாம். 10 வாட்டுக்கு எஸ்-6. நாற்பது வாட்டுக்கு எஸ்-7. நூற்று அறுபது வாட்டுக்கு எஸ்-8. எஸ்-9 வேண்டுமா? 640 வாட். இந்தியாவில் ஜெனரல் உரிமம் உள்ள ஹாமுக்குக் குறு அலையில் அனுமதிக்கப்பட்ட உச்சம் 400 வாட். ரெஸ்ட்ரிக்டட் உரிமத்துக்கு 50 வாட்தான். அதாவது அனுமதியின் கூரையைத் தொட்டாலும், பத்து வாட்டில் எஸ்-6 வாங்கியவரால் எஸ்-9ஐத் தொட முடியாது. மின்திறன் நாற்பது மடங்கு ஏறியும் மீட்டர் மூன்று எண்கூட ஏறவில்லை. 1500 வாட் அனுமதிக்கிற அமெரிக்காவில் இருந்தாலும் இன்னும் ஒரே ஒரு எண்தான் கூடுதல்.

செலவு மட்டும் மீட்டரின் கணக்கில் ஏறுவதில்லை, வாட்டின் கணக்கில் ஏறுகிறது. சாதாரண 100 வாட் ஹாம் கருவி பேசும்போது 13.8 வோல்ட்டில் சுமார் 20 ஆம்பியர் இழுக்கும், 270 வாட்டுக்கு மேல். நானூறு என்றால் சப்ளை, விசிறி, தடித்த கேபிள், தாங்கக்கூடிய ரிலே என்று எல்லாமே மாற வேண்டும்.

இங்கேதான் பத்துக்கும் நானூறுக்குமான புதிர் அவிழ்கிறது. அலை மதுரைக்குப் போய்ச் சேருமா என்பதைத் தீர்மானிப்பது அயனி மண்டலம். சேர்ந்தபின் அது எவ்வளவு மேலே தலை தூக்கும் என்பதில் மட்டும்தான் பெருக்கிக்கு வேலை. எதற்கு மேலே? இரைச்சலுக்கு மேலே.

மதுரைக்காரரின் சுவிட்ச்

நண்பர் வீட்டில் இரைச்சல் எஸ்-7 இருக்கிறது என்று வையுங்கள். நம் எஸ்-6 சமிக்ஞை அதற்குள் மூழ்கிவிட்டது. அவருக்கு ஒரு முணுமுணுப்புதான் கேட்கும். நாம் 160 வாட்டுக்குப் போனால் எஸ்-8, இரைச்சலுக்கு ஒரு படி மேல், பேச்சு புரிகிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. அவர் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஏற்பியை பேட்டரியில் ஓட்டிப் பார்க்கட்டும். இரைச்சல் சட்டென்று எஸ்-5க்கு இறங்கினால், குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். ஒவ்வொரு பிளக்காகப் போட்டுப் பார்த்தால் ஏதோ ஒரு மலிவான எல்.இ.டி. பல்போ, செட்டாப் பாக்ஸ் அடாப்டரோ மாட்டும். அதைத் தூக்கிப் போட்டதும் நம் பழைய பத்து வாட் எஸ்-6 இரைச்சலுக்கு ஒரு படி மேலே நிற்கிறது. 160 வாட் செய்த வேலையை ஒரு சுவிட்ச் செய்துவிட்டது. இந்த அத்தியாயத்தில் எதை மறந்தாலும் இந்தக் கணக்கை மறக்க வேண்டாம்.

காக்ஸ் டவுன் பக்கத்துக்கும் இதே கதைதான். ரயில் மின்பாதை, யுபிஎஸ், லிஃப்ட் மோட்டார், தெரு விளக்கு எல்லாம் சேர்ந்து இரைகிற இடத்தில் 400 வாட் பெருக்கி வைத்தால், மதுரை நம்மைக் கேட்கும். நாம் மதுரையைக் கேட்க மாட்டோம். பெருக்கி போகிற வழிக்கு மட்டும்தான். இப்படிப்பட்ட நிலையத்துக்கு ஹாம்கள் வைத்த பெயர் முதலை. வாய் பெரிசு, காது சிறிசு.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. மேசைமேல் பெருமையாக உட்கார்ந்திருக்கும் பெட்டி 10 வாட்டை 100 ஆக்கினால், அது பெருக்குவது வெறும் பத்து மடங்கு. சத்தமில்லாமல் ஓரமாக இருக்கும் ஏற்பியோ, எஸ்-6 துளியை ஸ்பீக்கரில் அரை வாட் ஓசையாக்க அறுபதாயிரம் கோடி மடங்குக்கு மேல் பெருக்குகிறது. ஆனால் இரைச்சலையும் அதே அளவு பெருக்கித் தருகிறது, என்ன செய்ய?

உச்சி நசுங்கினால்

எல்லாப் பெருக்கிக்கும் ஓர் எல்லை உண்டு. பவர் சப்ளை தரக்கூடியதற்கு மேல் எந்தச் சாமர்த்தியமும் கறக்க முடியாது. மைக் கெய்ன் குமிழை முழுக்கத் திருகிவிட்டுக் கத்தினால், குரலலையின் உச்சிகள் அந்த எல்லையில் முட்டித் தட்டையாகின்றன. மீட்டர் சற்றுக் கூடுதல் வாட் காட்டும், பேசுகிறவருக்கு மகிழ்ச்சி. பக்கத்து அலைவரிசைக்காரருக்கு நரகம்.

காரணம் இது. உச்சி நசுங்கிய அலையில், உள்ளே போகாத புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. 700 ஹெர்ட்ஸும் 1900 ஹெர்ட்ஸுமாக இரண்டு விசில்களைச் சேர்த்து அனுப்பிப் பாருங்கள். நேர்மையான பெருக்கியிலிருந்து அந்த இரண்டு மட்டும் வெளியே வரும். நசுக்குகிற பெருக்கியிலிருந்து 3100 ஹெர்ட்ஸில் மூன்றாவதாக ஒன்றும் வரும். ஹாமின் பேச்சுக்கு ஒதுக்கிய அகலம் சுமார் 3000 ஹெர்ட்ஸ். இந்த மூன்றாவது அதைத் தாண்டி அடுத்தவர் மனைக்குள் விழுகிறது. நிஜக் குரலில் இரண்டல்ல, நூறு அதிர்வெண்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் ஜோடி சேர்ந்து குட்டி போடும்.

அதிர்வெண்ணின் இரட்டிப்பு, மும்மடங்கு என்று இன்னொரு வகைக் குப்பையும் உண்டு. 7.05 மெகாஹெர்ட்ஸில் பேசினால் 14.1லும் 21.15லும் மங்கலான நகல்கள். இவற்றைப் பிடிக்கச் சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த வடிகட்டி பெருக்கியின் வாயில் இருக்க வேண்டும். முதல் வகைக் குப்பைக்கு வடிகட்டி கிடையாது, பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பதால் எந்த வடிகட்டியும் பிரிக்காது. குமிழைக் குறைப்பது ஒன்றே வைத்தியம்.

நெருக்கமான தெருவில் இன்னொரு சங்கடம். பக்கத்து வீட்டு ஸ்பீக்கரின் ஒயர் ஆன்டெனாவாகி, அதன் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் அலையை ஓசையாக மாற்றிவிடும். அம்மன் கோயில் திருவிழாவில் மைக் செட்டுக்குள் ஒருவர் கொரகொரவென்று பேசினால் ஆவி என்று நினைக்கத் தேவையில்லை. ஒயரில் ஃபெரைட் வளையம் மாட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். வாட் ஏற ஏற இந்த வம்பும் ஏறும் என்பதை மாடிப் பெருக்கிக்காரர் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

எல்லாருக்குமாக ஒரு வாட்

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி-சி6, கார்ட்டோசாட்-1உடன் 42.5 கிலோ எடையுள்ள ஒரு குட்டிச் செயற்கைக்கோளையும் ஏற்றிச் சென்றது. பெயர் ஹாம்சாட். பெங்களூரில் இஸ்ரோ கட்டியது. ஹாம்கள் கீழிருந்து 435 மெகாஹெர்ட்ஸில் பேசினால், அதை வாங்கி 145 மெகாஹெர்ட்ஸில் பூமிக்குத் திருப்பி அனுப்பும் கருவிகள் அதில் இரண்டு இருந்தன. ஒன்று இந்தியாவில் செய்தது, மற்றொன்று ஒரு டச்சு ஹாம் செய்தது.

அதன் அலைபரப்பியின் பலம் ஒரு வாட் அளவுதான். அறுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்த அந்த ஒரு வாட்டை, கையில் பிடித்த சின்ன ஆன்டெனாவால் கேட்டவர்கள் உண்டு. நடுவில் கட்டடமும் இல்லை, அடாப்டர் இரைச்சலும் குறைவு.

ஆனால் அது நேர்ப்பெருக்கி என்பதால் ஒரு நிபந்தனை. ஒரே நேரத்தில் பலருடைய குரல்களை ஒரு துண்டு அலைவரிசையாக வாங்கி மொத்தமாகப் பெருக்கும். அந்த ஒரு வாட்டை அத்தனை பேரும் பங்கிட வேண்டும். கீழே ஒருவர் பெரிய பெருக்கி வைத்து உரக்க அனுப்பினால், அவர் பங்கு பெருத்து மற்றவர்களின் பங்கு சுருங்கும். மற்றவர் குரல்கள் அமுங்குவதற்கு அவருடைய வாட்டே காரணம். ஹாம்சாட் 2014 வரை உழைத்தது. அதில் பேசிப் பழகியவர்கள் குமிழைக் குறைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

பெட்டியைத் திறக்குமுன்

இவ்வளவுக்குப் பிறகும் பெருக்கி வேண்டும் என்பவர்கள் இருப்பார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. புயல், வெள்ளம் வந்து செல்போன் கோபுரங்கள் ஓய்ந்த நேரத்தில் ஒரு செய்தி ஒரே தடவையில் போய்ச் சேர வேண்டுமென்றால் இரண்டு எஸ் எண்கள் பெரிய விஷயம். என் தீர்ப்பு கேட்டால், முதல் காசு கம்பிக்கும் கேபிளுக்கும், இரண்டாவது இரைச்சல் வேட்டைக்கு, கடைசிக் காசுதான் பெருக்கிக்கு. 145 மெகாஹெர்ட்ஸில் முப்பது மீட்டர் மெல்லிய கேபிள் போட்டவர் தன் மின்திறனில் முக்கால் பங்கை ஒட்டி கேபிளுக்கே காணிக்கை செலுத்துகிறார். அவருக்குப் பெருக்கி எதற்கு?

வாங்கினால், செகண்ட் ஹாண்டில் கிடைப்பவற்றில் பல வால்வுப் பெருக்கிகளாகத்தான் இருக்கும். அவற்றுக்குள் இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகள் அந்த வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். அதை வடிக்க வேண்டிய மின்தடை எரிந்து போயிருந்தால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. பிளக்கைப் பிடுங்குங்கள், பத்து நிமிடம் பொறுங்கள், காப்பிடப்பட்ட கம்பியால் மின்தேக்கியைத் தரையோடு தொட வையுங்கள், மீட்டரை வைத்துச் சுழிதானா என்று பாருங்கள். அப்புறம் உள்ளே விடுவதும் ஒரு கையை மட்டும். மற்றது பேன்ட் பாக்கெட்டில் இருக்கட்டும், இரண்டு கைகளுக்கும் நடுவில்தான் இதயம் இருக்கிறது.